நான் மாட்டிய பதினேழு இஞ்ச் சக்கரம்

மங்கலம் ரோடு, திருப்பூர்.
பங்குனி 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்மதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் சொல்லும்படி குறை எதுவும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிற வீடியோவை அப்பா டயர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார், கிரீஸ் கையோடு தொட்டுத் தொட்டு அந்தப் போனே இப்போது கறுப்பாகிவிட்டது. வெயில் இந்த வருஷம் முன்னாடியே வந்துவிட்டது, பதினோரு மணிக்கு மேல் கடை முன்னால் நிற்க முடியவில்லை. தினமும் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன் கண்ணு, பாப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து சிரித்ததும் என்னால் முடியாமல் போய்விட்டது. பக்கத்து வீதி அனுப்பிரியா வியாழக்கிழமை உங்கள் ஊர் கால்கரிக்குத் திரும்பிப் போகிறாள், அவளிடம் பருப்புப் பொடியும் பாப்பாவுக்கு ஆறு கையில்லாத பனியனும் கொடுத்து அனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து கடைசிவரைக்கும் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

போன வாரம் நீ ஒரு படம் அனுப்பினாய், மாப்பிள்ளை பிரதீப் வாங்கப் பார்க்கிற அலாய் வீல், கறுப்பு நிறம், டயரும் அதிலேயே மாட்டியிருக்கிறது. பனிக்காலத்து டயரைக் கழற்றியதும் நம் சின்னக் காருக்கு இதைப் போடலாமா, அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தாய். நான் படத்தைப் பெரிதாக்கி டயர் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். 205/45 R17. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், நான்கு நாள் உனக்குப் பதிலே சொல்லவில்லை. இன்னொரு கேள்வியும் தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய், பெரிய மாமா ஏன் உன் போனை எடுப்பதில்லை, குகன் கல்யாணத்துப் படம் ஒன்றுகூட ஏன் வரவில்லை என்று. மாமா போன் ரிப்பேர் என்றேன், கல்யாணத்தில் வேலை அதிகம், படம் எடுக்கவில்லை என்றேன். இரண்டும் பொய். அந்தக் கல்யாணத்துக்கு நானும் அப்பாவும் போகவில்லை, எங்களைக் கூப்பிடவில்லை. நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாமா மகன் குகன் போன ஆவணியில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினான், மாலை போட்டு எடுத்த படம் உனக்கும் அனுப்பினான். கார்த்திகையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அவன் வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் ஆபீசில் கூட இருக்கிறவர்கள் பெரிய கார் வைத்திருக்கிறார்கள், பெண் வீட்டு வாசலில் தன் கார் ஒல்லியான பதினாலு இஞ்ச் டயரில் நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கோயமுத்தூரில் யாரோ கழற்றிப் போட்ட பதினேழு இஞ்ச் அலாய் வீல் நான்கை டயரோடு வாங்கி ஒரு சனிக்கிழமை காலையில் நம் கடைக்குக் கொண்டுவந்தான். அப்பா ஒன்றைத் தரையில் உருட்டிப் பார்த்தார், டேப் பிடித்து அளந்தார், மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீ கடையிலேயே வளர்ந்தவள், இருந்தாலும் மாப்பிள்ளைக்கும் புரியும்படி எழுதுகிறேன். குகன் காரோடு வந்தது 165/80 R14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கடைசி எண் நடுவில் இருக்கிற சக்கரத்தின் அளவு, இஞ்சில். குகன் கொண்டுவந்த 205/45 R17க்கும் பழைய டயருக்கும் மொத்த உயரத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடு மீட்டர்கூட மாறாது. அவன் அதைப் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். அப்பா சொன்னார், "ஒசரம் ஒண்ணுதான் கண்ணு. ஆனா சக்கரம் பெருசானதுல ரப்பர் கொறஞ்சு போச்சு பாரு. பழசுல ஏழு வெரல் ரப்பர் இருக்குது, இதுல அஞ்சு வெரல்தான். நம்ம ரோட்டுக் குழியில எறங்குனா அடியத் தாங்கறதுக்கு என்ன இருக்குது." அகலமும் நான்கு சென்டிமீட்டர் கூடுதல், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் உரசும், அதுவும் ஆள் ஏற்றினால் வண்டி தாழ்ந்து நன்றாகவே உரசும் என்றார். டயர் ஓரத்தில் 2318 என்று நான்கு எண் இருந்தது, 2018ஆம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர், ஆறு வருஷப் பழசு. சுவரில் நகத்தால் கீறியதுபோல மெல்லிய வெடிப்பும் இருந்தது, அப்பா அதை விரலால் தடவிக் காட்டினார். குகன் வீல்களை நம் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் மாமா எனக்குப் போன் பண்ணினார். "அம்மிணி, பையன் ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டான், மாப்ள மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லீட்டாராமா. ஊருக்கெல்லாம் மாட்டறீங்க, எம்பையனுக்கு மாட்டக்கூடாதா" என்றார். என் அண்ணன் என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. நான் உன் அப்பாவைத்தான் கட்டுவேன் என்றபோது வீட்டில் எனக்காக நின்றவர் அவர் ஒருவர்தான். நீ டெங்குவில் கிடந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். குகனும் பாதி நாள் என் மடியில் வளர்ந்தவன், அவன் அம்மா ஷிப்டுக்குப் போனால் அவன் நம் வீட்டில்தான் இருப்பான், உனக்குத் தெரியும். இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் மறுபடியும் பொய் சொன்னவளாவேன். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிற அலைன்மென்ட் மெஷினைப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன், எந்த வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சக்கரத்தைப் பார்த்தே சொல்லுவேன், வருகிறவர்கள் அக்கா, அக்கா என்று என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியும், அப்பா எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. திங்கட்கிழமை அப்பா டயர் எடுக்க அவிநாசி போனார். நான் குகனுக்குப் போன் பண்ணி வரச்சொன்னேன். ஜாக்கி வைத்து நான்கையும் நானே மாட்டினேன், நாலு போல்ட்டும் சரியாகப் பொருந்தியது, காற்று அடித்தேன், அலைன்மென்ட் பார்த்து ரிப்போர்ட்டும் போட்டேன், டயர் அளவு எழுதுகிற இடத்தில் 205/45 R17 என்று என் கையால் அடித்தேன். வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் ஒரு உரசல் சத்தம் வந்தது. நான் கேட்டேன் கண்ணு. போகப்போகச் சரியாகிவிடும் என்று குகனிடம் சொன்னேன். அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு, அத்தே நீங்கதான் என்று சொல்லி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனான். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்பா திரும்பி வந்ததும் வீல்கள் இருந்த மூலையைப் பார்த்தார். மெஷினில் ரிப்போர்ட்டைத் திறந்து படித்தார். கத்தவில்லை, அவர் கத்துகிறவர் இல்லையே. "காத்து எவ்வளவு வெச்சே" என்று கேட்டார், முப்பத்தாறு என்றேன். "நாளைக்கு வரச்சொல்லு. கழட்டிப்போட்டுப் பழசையே மாட்டீரலாம், நான் பேசிக்கறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் போனைக் கையில் எடுத்தேன், அண்ணன் என்ன நினைப்பார் என்று வைத்துவிட்டேன். அதற்கு மறுநாளும் அப்படியே. அப்பா இரண்டு தடவை கேட்டார், அவனுக்கு வேலையாம், ஞாயிற்றுக்கிழமை வருவானாம் என்று நானாகவே சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் கூப்பிடவே இல்லையே. இப்படியே பத்தொன்பது நாள் போனது. மாட்டியது ஒரு நாள் தப்பு என்றால், கூப்பிடாமல் இருந்தது பத்தொன்பது நாள் தப்பு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் குகன், மாமா, அத்தை, அத்தையின் தங்கச்சிகள் இரண்டு பேர், ஐந்து பேருமாகச் சாமளாபுரம் பக்கம் போயிருக்கிறார்கள். ரோட்டில் குழி, மழைத்தண்ணீர் நிறைந்து தெரியவில்லை. இடது முன்சக்கரம் அதில் இறங்கியதும் டயர் ஓரம் கிழிந்து காற்று ஒரே மூச்சில் போய்விட்டது, வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கியது. அங்கே கம்பெனி வேனுக்காக நின்றிருந்த ஒரு பெண்ணின் மேல் மோதிவிட்டது. பேச்சியம்மாள் என்று பெயர், முப்பத்தெட்டு வயது, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர், இங்கே ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, இடுப்பிலும் அடி. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல அன்று மத்தியானம் ஆகிவிட்டது. குகன் ஓடிப்போகவில்லை, அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். பின்னால் வந்த டெம்போவை மறித்து அவனே தூக்கிப் படுக்கவைத்து, காலை அசையாமல் மடியில் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். நான் போனபோது அவன் சட்டையெல்லாம் ரத்தம்.

மூன்றாம் நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைப் பார்த்தார். கிழிந்த டயரின் உள்பக்கச் சுவரில் சுற்றிலும் உரசித் தேய்ந்து நூல் தெரிகிற அளவுக்கு ஒரு கோடு இருந்திருக்கிறது. இது இந்தக் கார் கம்பெனி கொடுத்த அளவே இல்லை, யார் மாட்டியது என்று கேட்டிருக்கிறார், குகன் எங்கள் கடை என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள், நானும் கூடப் போனேன். சென்னியப்பன் யாரு என்று கேட்டார்கள். அப்பா எழுந்து நின்று, "நாந்தானுங்க. கடை என்னுதுங்க, பொறுப்பும் என்னுதுங்க" என்றார். திங்கட்கிழமை வந்து விவரமாக எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மாட்ட மாட்டேன் என்றவர், கழற்றச் சொன்னவர், அவர்தான் எழுந்து நிற்கிறார், நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை உன் மாமா வந்தார். அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார், நான் அவர் மேல் தப்புச் சொல்லமாட்டேன், மகன் கல்யாணம் முன்னால் நிற்கிறது, மனிதன் எட்டு நாளில் பாதி ஆளாகியிருந்தார். "அம்மிணி, குகன் கடைக்கு வந்து காத்து மட்டுந்தான் அடிச்சான், சக்கரம் வெளியில மாட்டுனதுன்னு சொல்லீட்டாப் போதும். அவனும் தெரியாம உங்க பேரச் சொல்லீட்டேன், பயத்துல ஒளறீட்டேன்னு சொல்லிக்குவான். உன்ர மெஷின்ல இருக்கற ரிப்போர்ட்ட மட்டும் அழிச்சுப்போடு. உன்ர ஊட்டுக்காரருக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். வெளியில் யார் மாட்டினது என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். "யாரோ மாட்டுனாங்க, ஆளு தெரியலைன்னு சொன்னா அதோட போச்சு" என்றார். சொந்தக்காரன் என்று நான் பில்லும் போடவில்லை, அந்த ரிப்போர்ட் ஒன்றைத் தவிர வேறு எந்தத் தடயமும் கிடையாது. ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது. எனக்கு ஒரு நாள் டைம் கொடுங்கண்ணா என்று சொல்லி அனுப்பினேன். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டைத் திறந்தும் வைத்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் ஒரு டாக்ஸிக்காரர் வந்து பஞ்சர் என்றார், எழுந்து போய்விட்டேன், அவ்வளவுதான் நடந்தது. என் நல்ல மனசு தடுத்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, குகனுக்கு அத்தை என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் என்னைத் திட்டவில்லை, மெதுவாகச் சொன்னாள், "நான் ரோட்ட விட்டு எறங்கித்தான்மா நின்னேன். தெனமும் நிக்கிற எடந்தான். ஆனா வாறவுக எல்லாரும் நீ ஏன் அங்க நின்னேன்னுதான் கேக்காக. எம்புருசனும் அதத்தான் கேக்காரு, நீ பாத்து நின்னிருந்தா இப்படி ஆகுமான்னு. படுத்துக் கெடந்து யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, நான் ரோட்டு மேலயே நின்னுட்டனோன்னு." ஊரில் அவள் அம்மாவிடம் இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள், அந்தப் பிள்ளைகளும் போனில் அதையே கேட்டார்களாம். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் மோதியது போதாது என்று தன் மேலேயே பழியையும் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் ரிப்போர்ட்டை அழித்துவிட்டால் வாழ்க்கை முழுக்க அவள் இதையே கேட்டுக்கொண்டிருப்பாள். என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "நீ சரியாத்தான் நின்னிருக்கறே கண்ணு. சக்கரந்தான் தப்பு. அந்தக் காருக்கு ஆகாத சக்கரம். அத மாட்டுனது நாந்தான். என்ர ஊட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னாரு, நான் கேக்கலை" என்று சொன்னேன்.

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அப்புறம் திரும்பாமலேயே கேட்டாள், "இத எம்புருசன்ட்ட ஒரு தடவ சொல்லிருவீகளா." வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. அவள் புருசன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், விரல் நகமெல்லாம் நீலம், வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நானும் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன், குழி, டயர், உரசல் சத்தம், கூப்பிடாத பத்தொன்பது நாள், எல்லாம். அவர் கோபப்பட்டு ஏதாவது செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய் அவள் தலைமாட்டில் நின்று, நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போய், ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய், மாட்டியது நான், என் வீட்டுக்காரர் மறுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அப்பா, "நாஞ்சொன்னதோட வுட்டிருக்கலாமுல்ல நிர்மலா" என்றார். "நீங்க செய்யாததுக்கு நீங்க நிக்கறத எத்தன நாளைக்குங்க நான் பாத்துட்டு இருக்கறது" என்றேன். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தெருவில் அவர் என் கையைப் பிடித்தது கிடையாது. உன் மாமாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "இனி எனக்குத் தங்கச்சி இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு இல்லை. குகன் கல்யாணம் நிற்கவில்லை, பெண் வீட்டார் நல்லவர்கள், கார்த்திகையில் நடக்கவேண்டியதைத் தையில் கோயிலில் வைத்துச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். கேஸ் நடக்கிறது, குகன் பெயரும் என் பெயரும் அதில் இருக்கிறது, இரண்டு வாய்தா போய்வந்தேன், என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. மாசி மாதம் ஒரு நாள் குகன் பஸ்ஸில் வந்து இறங்கிக் கடை வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "அத்தே, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சுங்க. தெனமும் கேட்டுச்சு. பாட்டு சத்தத்தக் கூட்டி வெச்சுக்குவேன்" என்று சொன்னான். அழுதான். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான். அவன் இப்போது கார் ஓட்டுவதில்லை.

பேச்சியம்மாளுக்குக் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், கம்பு ஊன்றி நடக்கிறாள். கால் பெடலை அழுத்த முடியவில்லை என்று கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்காரவைத்திருக்கிறார்கள், தைக்கிற கைக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று சொன்னாள். வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். சில நாள் பேசுவாள், சில நாள் நான் போனதையே கண்டுகொள்ளமாட்டாள், இரண்டும் அவள் உரிமை. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை.

இப்போது உன் காருக்கு வருகிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல எழுதுகிறேன், கவனமாகப் படி. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 185/65 R15 என்று போட்டிருப்பதாக நீ சொன்னாய். அதுதான் உன் காருக்கு உரிய அளவு, அதையே போடுவது எல்லாவற்றிலும் நல்லது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால், அதே காரின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனிக்காரனே என்ன அளவு கொடுக்கிறான் என்று பார்த்து அதற்கு மேல் போகவேண்டாம், 195/55 R16 கொடுத்திருந்தால் அது சரி. அந்த அளவுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கும், அது டயர் தாங்குகிற எடைக்கான எண், உன் டயரில் 88 என்று இருக்கும், புதிதில் அதற்குக் குறையவே கூடாது. சக்கரம் காரின் பக்கத்தகட்டை விட்டு வெளியே துருத்தக்கூடாது. மாட்டியதும் நான்கு பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். சின்னச் சத்தம் வந்தாலும் அங்கேயே கழற்றச் சொல். பழைய டயர் என்றால் அந்த நான்கு எண்ணைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள். பனிக்காலத்துக்கு ஒல்லியான டயர்தான் நல்லது, இப்போது போட்டிருக்கிற செட்டை மாற்றவேண்டாம். படத்தில் இருந்த அந்தப் பதினேழு இஞ்ச் வேண்டவே வேண்டாம் கண்ணு.

மாப்பிள்ளை வருத்தப்படுவார், ஆசைப்பட்டுப் பார்த்து வைத்திருக்கிறார். அவரிடம் அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்லாதே, எல்லா வேண்டாமும் அப்பா தலையிலேயே விழவேண்டாம். இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு, என் மாப்பிள்ளை என்னைப் பற்றி இதைத் தெரிந்துகொள்ளட்டும். உன் மாமாவுக்கும் போன் பண்ணு. என் பேச்சை எடுக்காதே, எனக்காக எதுவும் கேட்காதே, பாப்பாவுக்குப் பல் வந்ததை மட்டும் சொல். எடுக்காவிட்டால் மறுவாரமும் பண்ணு, நீ டெங்குவில் கிடந்தபோது அவர் ஒன்பது நாள் இருந்தார், நீயும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார். மாகாளியம்மன் உங்கள் மூன்று பேரையும் கூடவே இருந்து காக்கட்டும், பாப்பா நீண்ட ஆயுளோடு ஓடி விளையாடட்டும். பனியன் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். படித்து முடித்ததும் கூப்பிடு கண்ணு, என்ன கேட்டாலும் இந்தத் தடவை பதில் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நிர்மலா